490 முறை

அன்புள்ள ஐயா,

ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை வாசித்தேன். கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் எரித்துக் கொன்றவர்களை அவர் மன்னித்ததை 'வலிமை' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

என்னோடு வேலை பார்க்கும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரை அவருடைய சொந்த அண்ணனே ஏமாற்றிவிட்டார். அப்பாவின் வீட்டைத் தன் பெயருக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். நண்பரோ, "மன்னித்துவிட்டேன், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். சொல்லும்போது குரல் நடுங்குகிறது. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். திருப்பி அடிக்க முடியாதவர்கள் தங்கள் இயலாமைக்கு வைத்துக்கொண்ட நல்ல பெயர் இது என்று ஜெர்மன் தத்துவவாதி நீட்சே சொன்னது சரிதானே? மறு கன்னத்தைக் காட்டுவது அடிக்கிறவனுக்குச் செய்து கொடுக்கும் வசதி இல்லையா? 'இன்னாசெய்தாரை ஒறுத்தல்' குறளைச் சொல்லி முடித்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்தக் குறளைச் சொல்லவில்லை. உங்கள் கட்சிக்கு உதவுகிற வேறொன்றைச் சொல்கிறேன். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்.' கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்குகிறவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? மேலதிகாரி திட்டும்போது தலைகுனிந்து நிற்பவருக்குப் பொறுமைசாலி என்று யாரும் பட்டம் கொடுப்பதில்லை. நீட்சே 1887இல் ஒரு நூல் எழுதிக் கிளப்பிய சந்தேகத்தில் ஒரு பங்கு இந்த ஏழு சீருக்குள் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு கணக்கு டீச்சர் குடியிருந்தார். கணவர் குடித்துவிட்டு வந்து அடிப்பார். மறுநாள் காலையில் டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துக் கன்னத்தை மறைத்தபடி பஸ்ஸுக்கு நிற்பார். ஒருநாள் சபையிலிருந்து போதகரும் இரண்டு மூப்பர்களும் வந்து, பாயில் உட்கார்ந்து, காபி குடித்து, ஜெபம் செய்தார்கள். ஏழுதரம் மட்டுமல்ல, ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கணவரிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. அன்று மாலை என் அம்மாவிடம் டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "ஏழெழுபது என்றால் 490 அக்கா. எனக்கு அது போன வருஷமே முடிந்துவிட்டது."

அந்த வீட்டில் நடந்ததற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்தால், நீட்சே சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அடி வாங்குகிறவரிடம் மட்டும் போய்ப் பேசப்படும் மன்னிப்பு அது. சபைகளில் இது இன்றும் நடக்கிறது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த மூப்பர்கள் வசனத்தைப் பாதியில் திறந்தார்கள். ஏழெழுபது வருவது பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனத்தில். அதே பக்கத்தில், ஏழு வசனம் முன்னால், 15ஆம் வசனம் இருக்கிறது: உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் அவனிடம் போய், தனியாக இருக்கும்போது, அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சிக்குக் கூட்டிப் போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். ஏறக்குறைய ஒரு பஞ்சாயத்து நடைமுறை. இத்தனையும் சொன்ன பிறகுதான், எத்தனை முறை மன்னிப்பது என்று இயேசுவிடம் சீடர் பேதுரு கேட்கிறார்.

கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் பரமண்டல ஜெபத்திலும் இதே வரிசைதான். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்கிறது அது. கடன் என்கிற சொல்லைக் கவனியுங்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவருடைய பாக்கியைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் முதலில் நோட்டில் அந்தப் பாக்கி எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு ரூபாய், இன்ன தேதி, இன்னார். அதன்மேல்தான் கோடு போட முடியும். எழுதாத பாக்கியை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. மறந்துவிடுகிறார்கள், அல்லது கேட்கப் பயப்படுகிறார்கள்.

மறு கன்னம் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொன்னவரே கன்னத்தில் அறை வாங்கிய இடம் ஒன்று யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன்னால், கட்டப்பட்ட நிலையில் நிறுத்தியிருக்கிறார்கள். சேவகன் ஒருவன் அறைகிறான். இயேசு மறு கன்னத்தைத் திருப்பவில்லை. நான் பேசியதில் தப்பிருந்தால் தப்பைக் காட்டு. சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். திருப்பி அடிக்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. மலைப்பிரசங்கத்தின் வரியை அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

இனி கிளாடிஸ். 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் மனோகர்பூர் என்கிற கிராமம். குளிருக்காக ஜீப்புக்குள்ளேயே படுத்திருந்த கிரஹாமையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமொத்தேயுவையும் ஒரு கும்பல் தீவைத்துக் கொன்றது. வீட்டில் கிளாடிஸும் 13 வயது மகள் எஸ்தரும் மிஞ்சினார்கள். அடுத்த சில நாட்களில் கொலைகாரர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் சொன்னார்.

கணவனை இழந்த ஓர் அந்நியப் பெண்ணுக்கு வேறென்ன வழி, இதுவும் அல்லிடம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படியில்லை. அந்த வாரம் உலகத்தின் கேமராக்களெல்லாம் அவர்கள் குடியிருந்த பாரிபதாவில், அந்த வீட்டு வாசலில் நின்றன. ஒரு வசைச்சொல் போதும், கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கும். ஒரு தேசத்தையும் ஒரு மதத்தையும் சேர்த்துச் சபித்திருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய கோபம் பலிக்கிற இடமாக எதுவாவது இருந்தது என்றால் அதுதான். மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த விமானத்தில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. 1965 முதல் கிரஹாம் பணிசெய்த அதே ஊரில், தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்திக்கொண்டு 2004 வரை இருந்தார்.

அவர் மன்னித்ததால் எந்தச் சிறைக் கதவும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்பதுதான் அவர் நிலை. 2003இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்கிய தாரா சிங்குக்கு மரண தண்டனை விதித்தது; 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது; 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது. நீதிமன்றம் தன் நோட்டை மூடவில்லை. கிளாடிஸ் கோடு போட்டது தன்னுடைய நோட்டில். நான் வலிமை என்று எழுதியது இதைத்தான். அந்தச் சொல்லை இப்போதும் மாற்ற மாட்டேன்.

உங்கள் நண்பரைக் கோழை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அண்ணனோடு கோர்ட்டுக்குப் போவதில்லை என்பது நிதானமாக எடுத்த முடிவாகவும் இருக்கலாம். வீட்டைவிட அண்ணன் பெரிதென்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சந்தேகம் தருவது நீங்கள் எழுதிய அந்தக் குரல் நடுக்கம் ஒன்றுதான். அடுத்த முறை டீ குடிக்கப் போகும்போது கேட்டுப்பாருங்கள். வழக்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். விசேஷ வீட்டில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா வீட்டில் என் பங்கு பாதி, அதை நீ எடுத்துக்கொண்டாய்" என்று ஒரே ஒருமுறை முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.