நொண்டாம நடக்குற ரெண்டு நாள்

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயசு, சிங்கப்பூர்ல பூன் லேயில இருக்கேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி தேக்கா மார்க்கெட்ல ஈரத் தரையில வழுக்கி வலது கணுக்கால் உள்பக்கமா மடங்கிடுச்சு. பாலிகிளினிக்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு முறியல, சுளுக்குதான்னு சொன்னாங்க. பிசியோவுக்கு ரெண்டு தடவ போனேன், மூணாவது அப்பாயின்மென்ட் வெள்ளிக்கிழமை குடுத்தாங்க, தோதுப்படல. அப்புறம் சின்சேங்குற சீன வைத்தியர், ஊர்லேருந்து வந்த எண்ணெய், கோடாலித் தைலம் எல்லாம் பாத்தாச்சு. வீக்கம் வத்துது, திரும்ப வருது, திங்கக்கிழமை ஆனா ரொம்ப மோசம். படி எறங்குறப்ப கால் சட்டுனு மடங்குற மாதிரி இருக்கு. மகன் என்எஸ்ல, தேசிய சேவையில, இருக்கான், அவன் கேம்ப்லேருந்து புக்-அவுட் ஆகி வீட்டுக்கு வர்ற ரெண்டு நாளும் மாத்திரை போட்டுகிட்டு நொண்டாம நடந்துடுவேன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எந்த டாக்டர்கிட்ட போனா இதுக்கு ஒரு பதில் கெடைக்கும்?

பதில்: தங்கச்சி, சின்சே, எண்ணெய், தைலம்னு அவ்வளவு எழுதிட்டு முக்கியமான விஷயத்த போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. 'நொண்டாம நடந்துடுவேன்.' அத எழுதுறப்ப உங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகூட இருந்திருக்கும், எனக்குப் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு.

அந்த ரெண்டு நாள் உங்க வீட்ல என்ன நடக்கும்னு நீங்க எழுதல, நானே சொல்றேன், தப்பா இருந்தா திட்டி எழுதுங்க. சனிக்கிழமை காலையில மாத்திரைய முழுங்கிட்டு பூன் லேயில ட்ரெயின் ஏறி, ஊட்ரம் பார்க்ல எறங்கி அந்த நீள நடை நடந்து லைன் மாறி, லிட்டில் இந்தியாவுல எறங்கி, புள்ளைக்குப் புடிச்ச ஆட்டுக்கறி தேக்காவுல வாங்குனாத்தான் ஆட்டுக்கறின்னு, விழுந்த அதே ஈரத் தரையில நின்னு பேரம் பேசி, ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டு வீடு வந்து, உக்காராம சமைச்சு, நடுவுல அவன் ராணுவ யூனிஃபார்ம தொவச்சுக் காயப்போட்டு, அயர்ன் பண்ணி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டப்பாவுல முறுக்கு கட்டிக் குடுத்து லிஃப்ட் வரைக்கும் போய் டாட்டா காட்டுவீங்க. திங்கக்கிழமை கால் வீங்காம வேற என்ன செய்யும்?

கணுக்கால் வெளிப்பக்கம் மூணு லிகமென்ட் இருக்கு, எலும்ப எலும்போட கட்டி வச்சிருக்கிற நார். கால் உள்பக்கமா மடங்குனா பெரும்பாலும் முன்னாடி இருக்கிறதுதான் மொதல்ல கிழியும். எக்ஸ்ரேல எலும்பு தெரியும், நார் தெரியாது. அதனால 'முறியல'ன்னு சொன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல. இன்னொன்னு, கால் எந்த சாய்வுல இருக்குன்னு மூளைக்கு சேதி அனுப்புற நரம்பு அந்த நார்லயும் இருக்கு. வலி போனாலும் அந்த சேதி தானா சரியாகாது, ஒத்தக் கால்ல நிக்கிறது, குதிகால தூக்கி எறக்குறது, ரப்பர் பட்டைய இழுக்கிறது, இப்படி வாரக்கணக்குல பழக்கித்தான் திரும்பக் கொண்டு வரணும். உங்க பிசியோவும் இதத்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. படியில கால் மடங்குற மாதிரி இருக்குன்னா அந்தப் பழக்கம் பாதியிலயே நின்னு போச்சுன்னுதான் எனக்குத் தோணுது. ஏன் நின்னுச்சு? வெள்ளிக்கிழமை தோதுப்படல. ஏன் தோதுப்படல? வெள்ளிக்கிழமைதான் புள்ள வருவான்!

மாத்திரை கதையும் இதேதான். வலி எதுக்கு வருது, போதும் உக்காருன்னு சொல்ல. அது வாயப் பொத்திட்டு வாரத்துல மத்த நாளவிட அந்த ரெண்டு நாள்லதான் அதிகமா நடக்குறீங்க.

இப்ப உங்க மகனுக்கு வர்றேன். தெக்கோங் தீவுல பிஎம்டி, அதான் அடிப்படை ராணுவப் பயிற்சி, முடிச்சிருப்பான், முதுகுல மூட்டையோட 24 கிலோமீட்டர் நடந்திருப்பான். அங்க அவனுக்குக் கால் மடங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க, எம்ஓ, அதான் ராணுவ டாக்டர்கிட்ட போவான், எக்ஸ்கியூஸ் ஆர்எம்ஜே எழுதிக் குடுப்பாங்க, ஓடக்கூடாது, மார்ச் பண்ணக்கூடாது, குதிக்கக்கூடாது, சார்ஜன்ட்டே ஒண்ணும் சொல்ல முடியாது. ராணுவத்துல கெடைக்கிற அந்த ஒரு சீட்டு உங்க வீட்ல உங்களுக்குக் கெடையாது. அதக் குடுக்காதது அவன் இல்ல, நீங்க. அவன்கிட்ட கேக்கவே இல்லையே!

எங்கம்மாவும் இந்த ரகம்தான், அதான் இவ்வளவு கோவம். தோ பாயோ வீட்ல முட்டி வலிய பல வருஷம் மறச்சாங்க, நாங்க காலேஜ், வேலை, கல்யாணம்னு ஓடிட்டே இருந்தோம், அம்மா கல்லு மாதிரின்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவோம். தெரிய வந்தப்ப அவங்களால கழிவறையில உக்காந்து எந்திரிக்கவே முடியல. இன்னைக்கும் எனக்கு அவங்க மேல அந்த ஒரு வருத்தம் இருக்கு, நான் கவனிக்காத மகளா ஆனதுல எனக்குப் பாதிப் பங்குன்னா அவங்களுக்குப் பாதிப் பங்கு. பெத்தவங்களப் பாக்குறது புள்ளைங்க கடமைன்னு நான் நம்புறவ, அதுல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல. ஆனா பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி நடிச்சுட்டு, பின்னாடி ஒரு நாள் 'அவன் கண்டுக்கவே மாட்டேங்குறான்'னு எனக்கே இன்னொரு லெட்டர் போடுவீங்க, பத்து வருஷம் கழிச்சு, அப்ப நான் பதில் எழுத மாட்டேன்.

டாக்டர் கேட்டீங்க, சொல்றேன். அதே பாலிகிளினிக்குக்குப் போங்க, எட்டு மாசமா விட்டு விட்டு வீங்குது, படியில கால் மடங்குது, எலும்பு டாக்டர்கிட்ட ரெஃபரல் குடுங்கன்னு கேளுங்க. பாலிகிளினிக் வழியா போனா மானியத்தோட பாக்கலாம், நேரா பிரைவேட்டுக்கு ஓடி காச கரைக்க வேணாம். எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ தேவையான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. இவ்வளவு நாள் ஆன சுளுக்குல மூட்டுக்குள்ள குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம், வெளிப்பக்க எலும்புக்குப் பின்னாடி ஓடுற தசைநார் கிழிஞ்சிருக்கலாம், பாக்காம யாரும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் அந்த எடத்த யாரும் அழுத்தி உருவ வேணாம். எத்தன மாத்திரை, எத்தன மாசமா போடுறீங்கன்னு உண்மையச் சொல்லுங்க, சில வலி மாத்திரை தொடர்ந்து போட்டா வயித்துக்கும் கிட்னிக்கும் நல்லதில்ல. சர்க்கரை இருந்தா அதையும். திடீர்னு கெண்டைக்கால் வீங்கி சூடா வலிச்சா மட்டும் அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போயிடுங்க.

பிசியோவத் திரும்பப் புக் பண்ணுங்க. வெள்ளிக்கிழமைதான் இருக்குன்னாலும் வாங்கிடுங்க, அவன்கிட்ட வீட்டுச் சாவி இருக்கும்ல.

இந்த வாரம் அவன் வர்றப்ப மாத்திரை வேணாம். எப்படி நடக்க வருதோ அப்படியே நடங்க. யூனிஃபார்ம அவனே தொவைக்கட்டும், கேம்ப்ல அவன்தான தொவச்சுக்கிறான். ஆட்டுக்கறிக்கு தேக்காவுக்கும் அவனே போகட்டும், தொடைக்கறி எலும்போட வெட்டித் தரணும், கொழுப்பு தனியா கேட்டு வாங்கணும்னு மட்டும் போன்ல டைப் பண்ணிக் குடுங்க, பாவம் அது அவனுக்குத் தெரியாது.