அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் கணக்கு தீர்ந்ததா?

கேள்வி: புதிய காருக்கு அட்வான்ஸ் கட்டினேன். விலை, டெலிவரி தேதி எல்லாம் எழுதிய ஆர்டர் படிவத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பழைய காரையும் எக்ஸ்சேஞ்சில் ஒப்படைத்துவிட்டேன். இப்போது, "அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை, கூடுதலாகக் கட்டுங்கள், இல்லையென்றால் அட்வான்ஸை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் டீலர். அட்வான்ஸைத் தவிர எனக்கு வேறெதுவும் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். டீலர்கள் பக்கம் நின்றும் நான் வாதாடியவன்தான். "பணத்தைத்தான் திருப்பித் தருகிறோமே, அப்புறம் என்ன?" என்பதுதான் அந்தப் பக்கத்து முதல் வாதம். அட்வான்ஸ் உங்கள் பணம். உங்கள் பணத்தை உங்களிடமே கொடுப்பது நஷ்டஈடு ஆகாது.

இந்தியாவின் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்துக்கும் மலேசியாவின் 1957 சட்டத்துக்கும் தாய் இங்கிலாந்துச் சட்டம். அதனால் மூன்று இடத்திலும் கணக்கு ஒன்றுதான். விற்பவர் பொருளைத் தர மறுத்தால், பேசிய விலைக்கும், டெலிவரி தர வேண்டிய நாளில் இருந்த சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குபவர் கேட்கலாம். 100க்குப் பேசிய கார் அன்றைக்கு வெளியே 108 என்றால், அந்த 8 உங்களுக்கு வர வேண்டியது. வெளியேயும் அதே 100க்குக் கிடைக்கிறது என்றால் இந்தத் தலைப்பில் பெரிதாக ஒன்றும் தேறாது. அதையும் சொல்லிவிடுகிறேன். வேறு டீலர்களிடம் அதே வேரியன்ட்டுக்கு, தேதி போட்ட விலைப்பட்டியல் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலைக்கு அதுதான் சாட்சி.

அதற்கு முன், படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பொடி எழுத்தில் "டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்" என்று இருந்தால் விலை வித்தியாசம் கேட்பது கடினமாகிவிடும். "மேலாளர் ஒப்புதல் தந்த பிறகே செல்லும்" என்று இருந்தால், யார் கையெழுத்துப் போட்டார் என்று பாருங்கள். விற்பனைப் பையன் மட்டும் கையெழுத்துப் போட்ட படிவத்தை, "ஒப்பந்தமே ஆகவில்லை" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு" என்ற வரி இருந்தாலும் பயந்துவிட வேண்டாம். காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையை இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும் இப்படிப்பட்ட ஒருதலை நிபந்தனைகளைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறது.

"பணம் வேண்டாம், காரையே கொடுக்கச் சொல்ல முடியாதா?" என்றும் கேட்பீர்கள். உங்கள் பெயரில் சேசிஸ் எண்ணோடு ஒரு குறிப்பிட்ட கார் ஒதுக்கப்பட்டிருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உத்தரவு போடுவது நீதிபதியின் விருப்பம். எங்கும் கிடைக்கிற மாடல் என்றால் பணமாக வாங்கிக்கொள் என்பார்கள். அரிதான பழைய கார் என்றால் கதை வேறு.

விலை வித்தியாசம் போக மற்ற செலவுகளும் உண்டு. லோன் கட்டணம், முன்கூட்டியே கட்டிய காப்பீடு, வாடகைக் கார் எல்லாம் இதில் வரும். இங்கேதான் 1854ஆம் ஆண்டின் ஹேட்லி எதிர் பாக்ஸெண்டேல் வழக்கு குறுக்கே வரும். இங்கிலாந்தில் ஒரு மாவு ஆலையின் இயந்திரத் தண்டு உடைந்தது. புதிதாகச் செய்ய அதை மாதிரியாக அனுப்பினார்கள். வண்டிக்காரர் தாமதித்தார், நின்றிருந்த ஆலை மேலும் சில நாள் ஓடவில்லை. அந்த நாட்களின் லாப இழப்பு கிடைக்கவில்லை. தண்டு இல்லாவிட்டால் ஆலை ஓடாது என்பது வண்டிக்காரருக்குத் தெரியும்படி இல்லை என்றது நீதிமன்றம். ஆகவே, அந்தத் தேதியில் கார் ஏன் அவசியம் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் பலம். ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால்கூடத் தேடி எடுங்கள். அதற்காக மாதக்கணக்கில் வாடகைக் காரில் சுற்றிவிட்டு முழு பில்லையும் நீட்ட முடியாது. நஷ்டத்தைக் குறைக்கப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பழைய காரை உடனே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். விற்றுவிட்டார்கள் என்றால், குறைந்தது படிவத்தில் எழுதிய எக்ஸ்சேஞ்ச் மதிப்பாவது வர வேண்டும். பதிவு இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். யாரோ ஓட்டி இடித்துவைத்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. அட்வான்ஸைத் தரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள்: "முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்." கையெழுத்துப் போட்டால் மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் போச்சு. பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தால், "இது அட்வான்ஸ் மட்டுமே, நஷ்டஈடு கேட்கும் உரிமையை விடவில்லை" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு கணக்கு விவரத்தோடு, கெடு தேதி போட்டு ஒரு நோட்டீஸ். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

கேள்வி: காரை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். இப்போது "லோன் பாஸாகவில்லை, அதிக வட்டிக்குப் புதிதாகக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள்.

பதில்: அமெரிக்காவில் இந்த வித்தைக்கு 'யோ-யோ' (கயிற்றில் போய்த் திரும்பி வரும் பொம்மை) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். "கடன் ஒப்புதல் கிடைத்தால் மட்டுமே விற்பனை செல்லும்" என்ற நிபந்தனை உங்கள் தாளில் இருக்கிறதா? இல்லையென்றால் பழைய ஒப்பந்தமே நிற்கும். இருந்தால் அவர்கள் ரத்து செய்யலாம். ஆனால் அட்வான்ஸும் எக்ஸ்சேஞ்ச் காரும் திரும்பி வர வேண்டும். புதிய வட்டிக்குச் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கடன் மறுக்கப்பட்டதற்கு வங்கியின் கடிதத்தைக் கேளுங்கள். பல நேரம் அந்தக் கடிதமே இருக்காது. காரைத் திருப்பித் தர நேர்ந்தால் ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுத்து, நாலு பக்கமும் படம் எடுத்து, ஒப்படைத்த ரசீதை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.