கதாபாத்திரமாக எழுதும் பதிவுகளுக்கு எப்படி விதி வகுப்பது?

ஆளுக்கொரு பாத்திரமாகப் பதிவெழுதிக் கதையை வளர்க்கும் இணையப் பாத்திர விளையாட்டில் வில்லனாக ஆடுபவர் இன்னொரு பாத்திரத்தை இழிவாகப் பேசினால் அந்தப் பதிவை நீக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரத்தின் பேச்சையும் அதை எழுதுபவரின் நடத்தையையும் பிரித்துப் பார்ப்பதே முதல் விதியாக இருக்க வேண்டும். கதைக்குள் கொடூரம் இருக்கலாம், ஆனால் அந்த வசவு எதிரே ஆடுபவரின் சொந்த வாழ்க்கையைக் குறிவைத்தால், பாத்திரம் என்ற போர்வை எழுதியவரைக் காப்பாற்றக் கூடாது. கதைக்கு வெளியே சொல்வதை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதும் பழைய வழக்கத்தைக் கட்டாயமாக்கினால், எது யாருடைய குரல் என்ற குழப்பம் பெருமளவு குறையும்.

வசவைவிட, மற்றவரின் பாத்திரத்தைத் தாமே ஆட்டுவிக்கும் அத்துமீறலே அதிகச் சண்டையை மூட்டுகிறது என்பது என் கணிப்பு. "என் வாள் அவன் கையைத் துண்டித்தது" என்று எழுதுபவர் மற்றவரின் பாத்திரத்துக்கும் சேர்த்தே முடிவெடுத்துவிடுகிறார். "அவன் கையைக் குறிவைத்து வாளை வீசினேன்" என்றால், விளைவைச் சொல்லும் உரிமை எதிராளியிடமே இருக்கும். விதியில் இத்தகைய எடுத்துக்காட்டையே சேர்த்துவிடுங்கள், ஏனெனில் "நியாயமாக ஆடுக" என்ற வரி (எல்லாரும் தம்மை நியாயவாதி என்றே எண்ணுவதால்) யாரையும் கட்டுப்படுத்தாது. ஆடுபவர் மட்டும் அறிந்த ரகசியத்தைப் பாத்திரமும் அறிந்ததுபோல் எழுதுவதற்கும் தடை தேவை.

சித்திரவதை, பாத்திரத்தின் மரணம் போன்றவற்றுக்கு முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும். காரணம் சொல்லாமலே காட்சியை நிறுத்தக் கோரும் உரிமையும் அனைவருக்கும் வேண்டும். சிறார் ஆடும் இடத்தில் பாலியல் காட்சிக்குச் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தாம் ஆடும் காட்சியில் எழும் புகாரை நெறியாளர் (பதிவுகளைக் கண்காணிப்பவர்) இன்னொரு நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.