பழைய வேனில் இதுவரை கேட்காத எச்சரிக்கைச் சத்தம் வருகிறது. எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களுடையது 15 வயது தாண்டிய டீசல் வேன், கைமாறி வந்தது, கையேடு இல்லை. ஓட்டும்போது திடீரென்று ‘கீ’ என்று ஒரு சத்தம் வருகிறது, டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரிவதில்லை, பட்டறைக்குக் கொண்டுபோனால் சத்தம் வருவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தை மாதத்தில் நான் பட்ட பாடு இதேதான். அதனால் எதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் சொன்னாலும், அந்த எச்சரிக்கைச் சத்தத்தை எழுப்புகிற பஸ்ஸரின் ஒயரைக் கழற்ற விடாதீர்கள். நான் விட்டேன். அதற்குப் பிறகு ஓட்டிய ஆறு நாளை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பாம்பனில் இருந்து ராமநாதபுரத்துக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிப் போகிற வண்டி என்னுடையது. அன்று தை அமாவாசைக்கு முந்தின நாள். சாலை வழியாக ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே பாலம்தான். 1988-இல் திறந்த பாலம், நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். ரயில் பாலத்தை எட்டிப் பார்ப்பதற்காக வண்டியை ஓரங்கட்டி நிற்கிறவர்கள் வேறு. உச்சியில் இருந்து மண்டபம் பக்கம் ஆள் நடக்கிற வேகத்தில்தான் இறங்க முடிந்தது. பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக வந்துகொண்டிருந்தேன். பாதிச் சரிவில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து சத்தம் ஆரம்பித்தது. காதருகே கொசு வந்த மாதிரி மெல்லிசாக, விடாமல். மீட்டரைப் பார்த்தேன், ஒரு விளக்கும் இல்லை. மண்டபம் வந்து வேகம் எடுத்ததும் நின்றுவிட்டது. உச்சிப்புளி தாண்டும் வரை காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன், மறுபடி வரவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் முன்னால் சத்தம் வரவில்லை. “உப்புக் காத்துண்ணே, ஒயர்ல பச்சை பூத்திருக்கும். பஸ்ஸர் சும்மா கத்துது” என்று சொல்லி இணைப்பைப் பிடுங்கி விட்டார். இந்தக் கரையில் யாரும் நம்புகிற காரணம்தான், நானும் நம்பினேன்.

ஆறாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். “மாப்ள, சத்தம் வந்தப்ப கால் எதுல இருந்துச்சு?” என்று கேட்டார். பிரேக்கில் என்றேன். “நின்னப்ப?” ஆக்சிலேட்டரில். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அவர் செய்து காட்டியதை நீங்களும் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்தால், பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மிதிக்கிற விசையைப் பெருக்கித் தருகிற பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சு விசை, அதாவது வேக்குவம், போய்ச் சேரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. அப்புறம் என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கொஞ்சம் பொறுத்து மிதித்தால் முதல் இரண்டு மூன்று மிதி மெத்தென்று இருக்க வேண்டும். முதல் மிதியே இறுக்கமாக இருந்தால், சேர்த்து வைத்த வேக்குவம் எங்கோ கசிகிறது, அல்லது அதைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கிற ஒன்வே வால்வு பிடிக்கவில்லை. என் வண்டியில் முதல் சோதனையில் பெடல் இறங்கியது, ஆனால் ரொம்ப மெதுவாக. இரண்டாவதில் முதல் மிதியே கல்.

பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும்போதே பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது என்பதால் தனியாக ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். பல வேன்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும், பட்டறையில் டைனமோ என்பார்களே, அதில்தான். ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் கொஞ்சம் வேக்குவம் செலவாகிறது, பம்ப் அதை நிரப்புகிறது. எங்காவது கசிவு இருந்தால், என்ஜின் மெதுவாக ஓடும்போது பிரேக்கையும் அடிக்கடி மிதித்தால் பம்ப் ஈடுகொடுக்காது. அளவு குறைந்ததும் ஒரு சுவிட்ச் பஸ்ஸரை எழுப்பும். ரேஸ் கொடுத்தால் பம்ப் கசிவை முந்திக்கொள்ளும், பஸ்ஸர் அடங்கிவிடும். பாலத்துச் சரிவில் கத்தியதும், உச்சிப்புளி ரோட்டில் வாய் மூடியதும், பட்டறையில் பிரேக் மிதிக்காமல் சும்மா நின்றபோது மௌனமாக இருந்ததும் இதனால்தான்.

கோளாறு பம்பில் இல்லை. பம்பில் இருந்து போகிற ரப்பர் ஹோஸில், கிளிப் இறுக்கிய இடத்துக்கு அடிப்பக்கம், நகத்தால் கீறிய அளவு ஒரு வெடிப்பு. கிளிப் துருவேறிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஹோஸ் மாற்றும்போது வேக்குவத்துக்கென்று வருகிற கெட்டியான ஹோஸையே கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் டியூப் உறிஞ்சலில் உள்ளே சப்பிக்கொள்ளும். டைனமோவைச் சுற்றி என்ஜின் ஆயில் வழிந்திருந்தால் மட்டும் பம்பின் சீல் மீதும் அதற்குப் போகிற ஆயில் ஹோஸ் மீதும் சந்தேகப்படலாம்.

விளக்கு ஏன் எரியவில்லை தெரியுமா? பல்பே போயிருந்தது. உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், ஆயில், சார்ஜ் விளக்குகள் எரிகின்றனவா, ஹேண்ட் பிரேக் போட்டால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாத விளக்கை நம்பி ‘கோளாறு இல்லை’ என்று முடிவு கட்டவே கூடாது.

சரி, உங்கள் சத்தம் பிரேக்கோடு சம்பந்தப்படாததாகவும் இருக்கலாம். ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்றை வண்டியில் வையுங்கள். சத்தம் வந்த நேரம், வேகம், கால் எதில் இருந்தது, மேடா பள்ளமா, மழையா வெயிலா, என்ன செய்ததும் நின்றது என்று எழுதுங்கள். கூட வருகிறவரை போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் வாயால் ‘கீ’ என்று செய்து காட்டுவதை விட அந்தப் பதிவு பத்து மடங்கு உதவும்.

சில சத்தங்களுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆயில் பிரஷர் குறைந்தாலும் பஸ்ஸர் கத்துகிற வண்டிகள் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள், அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சூட்டு முள் ஏறியிருந்தாலும் அப்படித்தான், ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். பெடல் இறுகுகிறது என்றால் பாரம் ஏற்றாதீர்கள், ஆளும் ஏற்றாதீர்கள்.

கைமாறி வந்த வண்டியில் இன்னொரு சிக்கல், முன்பு வைத்திருந்தவர் என்னென்ன மாட்டினார் என்றே தெரியாது. வாடகைக்கு ஓடிய வண்டி என்றால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கலாம், 80-ஐ நெருங்கும்போது சில கருவிகள் பீப் அடிக்கும். ஜிபிஎஸ் பெட்டி, திருட்டு அலாரம், ரிவர்ஸ் சென்சார் என்று எதுவும் இருக்கலாம். டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து, கம்பெனி ஒயரோடு சேராமல் டேப் சுற்றித் தனியாகப் போகிற ஒயர்கள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். நிறுத்திய வண்டியில் சத்தம் வந்தால், ஃபியூஸ் பெட்டியை முதலில் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். எதைப் பிடுங்கியதும் நிற்கிறதோ, சத்தம் அந்த லைனில் இருக்கிறது. அதைக் கண்டதும் அதே ஆம்பியர் ஃபியூஸைத் திருப்பி மாட்டிவிடுங்கள். சக்கரப் பக்கம் இருந்து கிறீச்சென்று வந்து, பிரேக் மிதித்ததும் மாறுகிற சத்தம் பஸ்ஸரே இல்லை. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்ல அதில் வைத்திருக்கிற தகடு டிஸ்க்கில் உரசுகிறது.

அந்த எலக்ட்ரீஷியன் சொன்ன உப்பையும் நான் தள்ளிவிடவில்லை. கடற்கரை வண்டியில் எர்த் ஒயர் பாடியோடு சேருகிற இடம் துருவேறினால், விளக்குகள் மங்கும், பஸ்ஸர் காரணமில்லாமல் முனகும். போல்ட்டைக் கழற்றி, எமரி பேப்பரால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். மீன் வண்டி என்றால் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் தரை ஓட்டைகள் வழியே ஒயர் மேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில் இதைச் சொல்ல எனக்கே மனம் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வாளியாவது ஊற்றுங்கள்.

ஹோஸ் மாற்றிய அன்றே பஸ்ஸர் இணைப்பைத் திரும்ப மாட்டி, பல்பும் போட்டேன். இப்போது மாதம் ஒருமுறை, காலையில் லோடு ஏற்றும் முன், சாவியைத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பஸ்ஸர் கத்தும் வரை பிரேக்கை மிதிப்பேன். அது கத்திய பிறகுதான் பெட்டியை ஏற்றச் சொல்வேன்.