மெக்கானிக்கல் இறுதியாண்டு ப்ராஜெக்ட், நாலு பேர் டீம்: வேலையை எப்படிப் பிரிப்பது?

கடலூரில் படிக்கிறீர்கள், பண்ருட்டி முந்திரிக்கு ஓடு உடைக்கும் மெஷின் செய்யப் போகிறீர்கள், நாலு பேருக்கு எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் பங்கு போட்டும் இருப்பீர்கள்: ஒருத்தர் டிசைன், ஒருத்தர் பட்டறை, ஒருத்தர் ரிப்போர்ட், மிச்சம் ஒருத்தர் பிபிடி. அதை அழித்துவிடுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "மோட்டார் ஏன் அரை ஹெச்.பி.?" என்று கேட்டால் மூன்று பேர் நாலாமவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

மெஷினைப் பாகம் பாகமாகப் பிரியுங்கள். கொட்டையை ஊட்டும் பகுதி ஒருவருக்கு, பிளேடும் அதை மேலும் கீழும் நகர்த்தும் ஸ்லைடும் ஒருவருக்கு, மோட்டார், கியர்பாக்ஸ், சுற்றுவதை ஏற்ற இறக்கமாக மாற்றும் கிராங்க் ஒருவருக்கு, ஃபிரேமும் பாதுகாப்பு மூடியும் ஒருவருக்கு. கணக்கு, டிராயிங், சாமான் வாங்குவது, பொருத்துவது எல்லாம் அந்தந்த ஆளே செய்ய வேண்டும்.

தகராறு வருவது பாகங்கள் சேரும் இடத்தில்தான். அதற்கு ஒரு தாள் போடுங்கள்: ஷாஃப்ட் (சுற்றும் தண்டு) மையம் தரையிலிருந்து எத்தனை மி.மீ., போல்ட் துளைகளின் இடைவெளி எவ்வளவு, கிராங்க் எந்தப் பக்கம் சுற்றும். நாலு பேரும் கையெழுத்து போட்ட பிறகு ஒருவர் தனியாக மாற்றக் கூடாது. 20 மி.மீ. ஷாஃப்டுக்கு யுசிபி 204 பிளம்மர் பிளாக் (பேரிங்கைத் தாங்கும் கூடு) வரும். கேட்டலாக்கில் துளை இடைவெளி 95 மி.மீ., அடிப்பாகத்திலிருந்து மையம் 33.3 மி.மீ. என்று இருக்கும். பிளாக்கை வாங்கி வெர்னியரில் அளந்த பிறகு டிராயிங்கை முடியுங்கள். கியர்பாக்ஸுக்கும் அப்படியே.

கணக்கு இப்படி வரும். அரை ஹெச்.பி. என்றால் 0.37 கிலோவாட். 1440 ஆர்.பி.எம்.மில் டார்க் (சுழற்றும் விசை) சுமார் 2.45 நியூட்டன் மீட்டர். 1:20 வார்ம் கியர்பாக்ஸ் போட்டால் 72 ஆர்.பி.எம்.; திறன் 70 சதவீதம் என்று வைத்தால் 34 நியூட்டன் மீட்டர். கிராங்க் ஆரம் 40 மி.மீ. என்றால் பாதி ஸ்ட்ரோக்கில் பிளேடுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 850 நியூட்டன், அதாவது 86 கிலோ. கொட்டைக்கு எவ்வளவு வேண்டும்? டிரில்லிங் மெஷினை ஓட்டாமல் சக்கில் பிளேடைப் பிடித்து, கீழே எடை மெஷினை வைத்து, லீவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓடு பிளக்கும்போது காட்டும் எடைதான் உங்கள் டிசைன் லோடு. இணையத்தில் எடுத்த எண்ணை விட இதற்கு மதிப்பு அதிகம்.

நிமிடத்துக்கு 72 ஸ்ட்ரோக், மணிக்கு 4,320. கிலோவுக்கு 180 கொட்டை என்று வைத்தால் 24 கிலோ. எல்லா ஸ்ட்ரோக்கிலும் கொட்டை வந்து உட்காராது. 70 சதவீதம் உட்கார்ந்தால் 17 கிலோதான். ரிப்போர்ட்டில் 17 என்றே எழுதுங்கள்.

பிளேடு இடைவெளியில்தான் மெஷின் ஜெயிக்கும் அல்லது தோற்கும். ஓட்டின் தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ.; அதைத் தாண்டி இறங்கினால் பருப்பு இரண்டாகும். கொட்டை ஒரே அளவில் இருக்காது. 100 கொட்டையை அளந்து, சல்லடையில் மூன்று ரகமாகப் பிரித்து, ரகத்துக்கு ஒரு செட்டிங் வையுங்கள். எல்லா ரகத்துக்கும் ஒரே செட்டிங் என்ற ஆசை வேண்டாம்.

ஃபிரேமுக்கு 40×40×5 ஆங்கிள் போதும். துளை போட்ட பிறகு வெல்டு அடித்தால் சூட்டில் ஃபிரேம் இழுத்துக்கொண்டு துளை நகர்ந்துவிடும். முதலில் புள்ளி புள்ளியாக டேக் வெல்டு வைத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்து, எதிரெதிர் மூலையாக வெல்டு அடித்து, ஆறிய பிறகு துளையிடுங்கள். கிராங்கை ஷாஃப்ட்டில் வெறும் கிரப் ஸ்க்ரூவில் (தலையில்லாத சிறு திருகு) நிறுத்தாதீர்கள், இடிக்கும் லோடில் வழுக்கும். ஷாஃப்ட்டிலும் கிராங்கிலும் பள்ளம் வெட்டி 6×6 கீ (ஆப்புத் துண்டு) போடுங்கள். கடலோரத்தில் இருக்கும் கடலூர் முதுநகர் பக்கத்துப் பட்டறை என்றால் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், வெல்டு முடிந்த அன்றே ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

"எங்கள் காலேஜில் லேத்தே ஓடாது, உங்களுக்கென்ன" என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். சரி, லேத் வேலையை வெளியே கொடுங்கள், புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் எட்டும் தூரம்தான். டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) போட்டுக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. "பேரிங் உட்காரணும்ணே" என்று வாயால் சொன்னால் அவர் இஷ்டத்துக்குத்தான் கடைவார்.

இன்னொன்று, கேட்காததுதான். ரிப்போர்ட் அட்டை என்ன நிறம், தங்க எழுத்து எத்தனை பாயின்ட் என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை விடுகிறார்கள். பாதுகாப்பு மூடி எங்கே என்று கேட்கும் ரிவியூ அபூர்வம். ஓடுகிற மெஷின் மேல் ஒரு சென்சாரை ஒட்டி ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவி) என்றால் மார்க் ஏறுகிறது. பெல்ட்டுக்கு மூடி போட்டவனுக்கு ஒன்றும் இல்லை.

முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சோதனை நாளில் தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோதனைக்கு ரகத்துக்கு 100 கொட்டை எடுத்து முழுசு, உடைந்தது, வெட்டுப்படாதது என்று எண்ணி எழுதுங்கள். வைவாவுக்கு முந்தின நாளே கொட்டையை ஆவியில் வேகவைத்து, ஒரு ராத்திரி ஆற விடுங்கள். சூட்டோடு போட்டால் ஓடு பிளக்காமல் நசுங்கும், பருப்பும் ஒட்டிக்கொள்ளும்.