கைவலிக்குக் காரணம் பேட்டா, கட்டிங்கா?

கேள்வி: எனக்கு 43 வயது. மூன்று வருடமாக, வாரத்துக்கு நான்கு நாள் காலையில் டென்னிஸ் ஆடுகிறேன். ராலி நன்றாகப் போகிறது, சர்வீஸ் பரவாயில்லை. இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. கடையில் 255 கிராம் பேட் வாங்கச் சொல்கிறார்கள். லேசாக இருந்தால் கைக்கு இதம்தானே?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இல்லை அம்மா. கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் விஷயம் நேர்மாறு. தேங்காய் உடைத்துப் பாருங்கள். கனமான அரிவாள் என்றால் ஓங்கி விட்டால் போதும், அதுவே இறங்கும். லேசான கத்தி என்றால் அந்த வேலையை உங்கள் மணிக்கட்டும் முழங்கையும்தான் செய்ய வேண்டும். எதிரே வரும் பந்தின் அதிர்ச்சியை பேட்டின் எடை வாங்கிக்கொள்ளாவிட்டால் கை வாங்கிக்கொள்ளும். நரம்பு (பந்தை அடிக்கும் வலையின் இழை) கட்டாத நிலையில் 285 முதல் 300 கிராம், பேட்டின் தலை 100 சதுர அங்குலம்: உங்களுக்கு இந்த அளவு சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் ஆடியபின் 300 பாரமாகத் தெரிந்தால் 285-க்கு வாருங்கள்.

ஆனால் பேட் வாங்க இப்போதே கிளம்பிவிடாதீர்கள். கையில் இருப்பதில் என்ன கட்டிங் போட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே! (கட்டிங் என்றால் வீட்டில் வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ளப் போகிறார்கள். நரம்பு கட்டுவதைச் சொல்கிறேன்.)

2009-ல் எனக்கும் இதே இடத்தில் இதே வலி. டீ டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கும். மூன்று மாதம் கோர்ட் பக்கமே போகவில்லை. டிவியில் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, பாலியெஸ்டர் நரம்பை 60 பவுண்டில் இழுத்துக் கட்டிக்கொண்டதன் பலன் அது. அவர்கள் மேட்சுக்கு மேட்ச் புதிதாகக் கட்டிக்கொள்கிறார்கள். நாம் அறும்வரை ஓட்டுகிறோம். பாலியெஸ்டர் சீக்கிரம் அறாது, அதற்கு முன்பே துள்ளல் போய்ச் செத்துவிடும். அந்தச் செத்த நரம்போடுதான் ஆறு மாதம் மல்லுக்கட்டுவோம்.

உங்கள் பேட்டில் நரம்பு கம்பி மாதிரி விறைப்பாக, ஒற்றை இழையாக இருந்தால் அநேகமாக பாலியெஸ்டர்தான். அதை வெட்டிவிட்டு மல்டிஃபிலமென்ட் போடச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்தது அது. தேயும்போது பஞ்சு பஞ்சாகப் பிரியும், பயப்பட வேண்டாம். 50 பவுண்டு இழுப்பு போதும். மாட்டுக்குடலில் செய்யும் நேச்சுரல் கட் இன்னும் மெத்தென்று இருக்கும், ஆனால் விலை அதிகம், ஈரம் பட்டால் வீண். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்துக்கு அத்தனை முறை மாற்றுவது பழைய கணக்கு. உங்களுக்கு நான்கு. அப்புறம், சேலத்து மே மாத வெயிலில் பேட்டை காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நரம்பு தளர்ந்துவிடும். நரம்பில் மாட்டும் அந்த ரப்பர் பொத்தானை நம்பி உட்காராதீர்கள். அது சத்தத்தைத்தான் குறைக்கும்.

ஒரு மாதம் இப்படி ஆடிப் பார்த்து, வலி குறைந்து, அதற்கும் மேல் புது பேட் ஆசை இருந்தால் வாங்குங்கள். அப்போது சட்டத்தின் விறைப்பைக் கேளுங்கள். ஆர்ஏ என்று ஓர் எண் சொல்வார்கள், 65-க்குக் கீழே இருந்தால் கைக்கு நல்லது. பாபோலாட் ப்யூர் டிரைவ் என்ற பேட்டுக்கு அது 70-ஐ ஒட்டி வரும். பந்து பறக்கும், நல்ல பேட்தான், ஆனால் வலிக்கிற கைக்கு வேண்டாம். 2019-ல் வந்த வில்சன் கிளாஷ் 100 என்ற பேட்டுக்கு அந்த எண் 55-ஐ ஒட்டி வரும், எடை 295 கிராம். கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். சந்தேகமாக இருந்தால் சின்னதையே எடுங்கள். மேலே கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்குவது கஷ்டம்.

வலி குறையவே இல்லை என்றால் பேட்டை வைத்துவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். என்னைப் போல மூன்று மாதம் இழுக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஆடினால் எல்லாப் பந்தும் கோட்டுக்கு வெளியே போகிறது. நரம்பை இறுக்கட்டுமா?
- வாசகர், ஏற்காடு அடிவாரம்

பதில்: உங்கள் தப்பு இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது, பந்து கூடுதலாகப் பறக்கும், எம்பும். 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியில் தனிப் பந்து உண்டு. கை நன்றாக இருந்தால் இரண்டு பவுண்டு இறுக்கலாம், வலி இருந்தால் வேண்டாம். நான் செய்வது இதுதான்: புது டப்பாவை மேலே போய்த் திறக்க மாட்டேன். கீழே இரண்டு வாரம் ஆடி, துள்ளல் கொஞ்சம் அடங்கிய பந்துகளை எடுத்துப்போவேன். பனி இறங்கிப் பந்து நனைந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. ஈரப் பந்து கல் மாதிரி கனக்கும்.