நவம்பருக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தாம் வகுப்பில் 93 சதவீதம், பிளஸ் டூவில் 81, பி.இ. மெக்கானிக்கலில் 7.4 சி.ஜி.பி.ஏ. சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஒன்றே முக்கால் ஆண்டாக டெஸ்டிங் வேலை. பி.சி. வகுப்பு. அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். இந்த நவம்பரில் கேட் (CAT, ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறேன். மாக் டெஸ்டில் மொத்தம் 91 பெர்சன்டைல் வருகிறது. கணக்கில் 97, தரவுப் பகுதியில் 93, ஆங்கிலத்தில் 64. அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.களில் எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது? ஓர் இணையக் கணிப்பான் 35 சதவீதம் என்கிறது, இன்னொன்று வாய்ப்பே இல்லை என்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த 64தான். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

சதவீதம் யாராலும் சொல்ல முடியாது. கணிப்பான்களை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் தன் சேர்க்கைக் கொள்கையை அந்தந்த ஆண்டு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. எதற்கு எவ்வளவு மதிப்பு, குறைந்தபட்ச கட்-ஆஃப் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து நான்கைந்து நிறுவனங்களின் கொள்கையைப் படித்து, உங்கள் மதிப்பெண்களை அதில் போட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே புரிந்துவிடும். நான் திருச்சியில் கேட் வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக இதைத்தான் கொடுக்கிறேன்.

முதலில் 91 என்றால் என்ன என்று பார்ப்போம். கேட் தேர்வை ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதுகிறார்கள். 91 பெர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னால், உங்களுக்கு முன்னால் சுமார் 27,000 பேர். 99 என்றால் சுமார் 3,000 பேர். எட்டு புள்ளிதானே என்று தோன்றும். நடுவில் நிற்பவர்களோ 24,000 பேர். ஆனால் மதிப்பெண்ணில் அந்த இடைவெளி அவ்வளவு பெரிதில்லை. மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காமல் 99 பெர்சன்டைல் வந்த ஆண்டுகள் உண்டு. சரியான விடைக்கு 3, தவறானதற்கு மைனஸ் 1. விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது. ஏழெட்டு கேள்விகள் கூடுதலாகச் சரியாக வந்தாலே வரிசையில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டிவிடலாம். இந்தக் கட்டத்தில் பெருமூச்சு விடத் தேவையில்லை.

இனி மாற்ற முடியாதவை. பெங்களூரு ஐ.ஐ.எம். பள்ளி மதிப்பெண்ணுக்குக் கனமான இடம் கொடுக்கும்; உங்கள் போர்டில் படித்த மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் அதைக் கணக்கிடும். பத்தாம் வகுப்பு 93 உங்களைக் காப்பாற்றும், பிளஸ் டூ 81 கீழே இழுக்கும். அகமதாபாத்தும் பத்து, பன்னிரண்டு, பட்டப்படிப்பு மூன்றையும் சேர்த்து ஒரு விண்ணப்ப மதிப்பீடு போடுகிறது. வேலை அனுபவத்தில், பட்டம் வாங்கிய பிறகு செய்த முழுநேர வேலையை மட்டும், ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும்தான் எண்ணுவார்கள். அது எந்தத் தேதி என்று பார்த்து உங்கள் மாதங்களை எண்ணுங்கள்.

அப்புறம், நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன 'பி.சி. வகுப்பு'. இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். பி.சி., எம்.பி.சி. என்பது மாநிலப் பட்டியல். ஐ.ஐ.எம். மத்திய நிறுவனம், அங்கே கேட்பது மத்திய ஓ.பி.சி. பட்டியல், அதிலும் கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிரிவில், வராதவர்களுக்குத்தான் 27 சதவீத இடம். பள்ளியில் வாங்கி லேமினேட் செய்து வைத்த சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் இருந்து வரும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. விசைத்தறி வருமானம் தொழில் வருமானம், அதைச் சேர்ப்பார்கள். பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். அப்போதே பிரிவைச் சரியாகக் குறிக்க வேண்டும். பதிவு முடிந்த பிறகு மாற்ற விடமாட்டார்கள். தகுதி இருந்தும் பொதுப் பிரிவில் பதிந்துவிட்டு ஜனவரியில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

சரி, 64க்கு வருவோம். நேர்காணல் அழைப்புக்கு மொத்தப் பெர்சன்டைல் மட்டும் போதாது. மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி கட்-ஆஃப் உண்டு, ஒன்றில் தவறினாலும் மற்ற இரண்டும் வீண். பொறியியல் படித்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம்தான் சிக்கல். வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, கேள்விகளில் பெரும்பகுதி பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதில் இருந்துதான் வருகிறது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத துறையில், மானுடவியலோ ஓவியமோ பறவைகளோ, தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை படியுங்கள். படித்து முடித்ததும் அதை மூடிவிட்டு, இவர் யாருடைய கருத்தோடு மோதுகிறார், கடைசியில் என்ன சொல்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையில் இருக்கும் சொற்களையே திருப்பிப் போட்டு உங்களையே ஏமாற்றிக்கொள்ளலாம். தமிழில் அது முடியாது.

அழைப்பு வந்துவிட்டால் ஆட்டம் மாறிவிடும். இறுதித் தேர்வில் கேட் மதிப்பெண்ணின் பங்கு பல இடங்களில் குறைந்து, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் மேலே வரும். மாதிரி நேர்காணலில் நான் உங்கள் எதிரே உட்கார்ந்தால் முதலில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கேட்பேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு டெஸ்டிங்கில் இருப்பவரிடம் அதைக் கேட்காமல் விடுபவர்கள் குறைவு. அடுத்து அப்பாவின் தறிக்கு வருவேன். பாவும் ஊடு நூலும் மாஸ்டர் வீவர் கொடுத்து கூலிக்கு நெய்கிறாரா, சொந்தமாக நூல் வாங்குகிறாரா? நூல் விலை ஏறினால் இந்த இரண்டில் யாருக்கு அடி? விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்து 2023இல் 1,000 ஆனதே, அதனால் உங்கள் வீட்டு பில்லில் என்ன மாறியது? பொங்கல் வேட்டி சேலை ஆர்டர் வரும் மாதங்களில் ஊரில் கூலி என்ன ஆகிறது? கூலி ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால் யார் முதலில் இறங்கி வருகிறார்கள்?

இதற்கெல்லாம் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவோடு ஒரு நாள் தறிக்கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொள்முதல், மூலதனம், கடன், தொழிலாளர் உறவு என்று எம்.பி.ஏ.வில் இரண்டு ஆண்டு சொல்லித்தரும் விஷயங்கள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. டெஸ்டிங்கில் ஒன்றே முக்கால் ஆண்டு என்று சொல்ல நேர்காணல் அறைக்கு வெளியே நிறைய பேர் காத்திருப்பார்கள். விசைத்தறியின் கணக்கைத் தெரிந்து பேசுபவர் அதில் எத்தனை பேர்?

என் மதிப்பீடு இதுதான். இன்றைய 91இல் நீங்கள் சொன்ன மூன்றும் கிடைக்காது. ஆங்கிலம் மற்ற இரண்டு பகுதிகளின் உயரத்துக்கு வந்து, ஓ.பி.சி. சான்றிதழும் கையில் இருந்தால் அந்த மூன்றும் நியாயமான ஆசைதான். ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஐ.ஐ.எம். இப்போது இருபதுக்கும் மேல். முன்பு நைட்டி (NITIE) என்ற பெயரில் இருந்து 2023இல் ஐ.ஐ.எம். ஆன மும்பை, உற்பத்தியிலும் சப்ளை செயினிலும் பெயர் பெற்றது. மெக்கானிக்கல்காரருக்குப் பொருத்தமான இடம். கோழிக்கோடு, திருச்சி, கேட் மதிப்பெண்ணை ஏற்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை எல்லாவற்றையும் பட்டியலில் வையுங்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். பள்ளி முடித்ததும் நேராக ஐ.ஐ.எம்.மில் சேரலாம் என்கிறாள். நிஜமா சார்? அவளுக்கு வாய்ப்பு உண்டா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: நிஜம்தான் ஐயா. இந்தூர் ஐ.ஐ.எம். 2011இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைத் தொடங்கியது. பிறகு ரோத்தக் உட்பட வேறு சில ஐ.ஐ.எம்.களும் தொடங்கின. இதற்குத் தனி நுழைவுத் தேர்வு, கேட் கிடையாது. கணக்கும் ஆங்கிலமும்தான் கேள்வித்தாளை ஆள்கின்றன. வணிகவியலோடு கணக்குப் பாடமும் எடுத்திருந்தால் அவளுக்குச் சுலபம். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புக் கணக்கில் இருந்து தொடங்கி, லாகரிதம், அணிகள், நிகழ்தகவு வரை இப்போதே போட்டுப் பழகட்டும். சேர்வதற்கு முன் ஐந்து ஆண்டுக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள், பெரிய தொகை. கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.காம். படித்துவிட்டு கேட் எழுதலாம். பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் பெண்களையும் பல ஐ.ஐ.எம்.கள் விரும்பி எடுக்கின்றன. அந்த வழியும் அவளுக்கு நல்ல வழிதான்.

கேள்வி: எனக்கு 32 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டு அனுபவம். இப்போது கேட் எழுதினால் எடுப்பார்களா மேடம், சார் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: சார்தான் அம்மா. கேட் எழுத வயது வரம்பு கிடையாது. ஆனால் இரண்டாண்டு வகுப்பில் உங்களோடு இருப்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பார்கள், வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிகளும் அவர்களை மனதில் வைத்தே வரும். உங்கள் ஒன்பது ஆண்டுக்கு விலை கிடைக்கும் இடம் ஓராண்டுப் படிப்புகள். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா மூன்றிலும் அனுபவம் உள்ளவர்களுக்கென்றே தனித்தனியாக இருக்கின்றன. ஹைதராபாத்திலும் மொஹாலியிலும் ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) இருக்கிறது. இவற்றுக்கு ஜிமேட் (GMAT, மேலாண்மைப் படிப்புகளுக்கான சர்வதேச நுழைவுத் தேர்வு) போதும். இப்போது அது மூன்று பகுதி, இரண்டே கால் மணி நேரம், மதிப்பெண் 205 முதல் 805 வரை, ஐந்து ஆண்டு செல்லும். விண்ணப்பத்தில் பதவிப் பெயர்களை அடுக்காதீர்கள். உங்கள் லைனில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதனால் எவ்வளவு ஸ்க்ராப் குறைந்தது, யார் எதிர்த்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தை, உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த மேலாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.